சிலிண்டர் இல்லாம பெரிய செடித் தொட்டி: லோ டெக் டேங்க் எப்படி வேலை செய்யுது

யூடியூப்ல வர்ற அந்த அழகான, தண்ணிக்குள்ள செடி வளர்ற மீன் தொட்டியெல்லாம் பாத்திருப்பீங்க, தரை முழுக்க பச்சைப் புல்லு, நடுவுல சிவப்புச் செடி, ஒரு பாசி கூட இல்லாத கண்ணாடி. அதுல முக்காவாசிக்குப் பின்னாடி ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நிக்குது, மேல ரொம்ப பவரான லைட், தினமும் திரவ உரம், வாராவாரம் பாதித் தண்ணி மாத்தணும். அதுதான் ஹை டெக். அதப் பாத்துட்டு செடி வச்ச தொட்டின்னாலே பெரிய செலவு, நமக்கு ஒத்து வராதுன்னு நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க, மீன் மட்டும் போட்டு பிளாஸ்டிக் செடி நட்டு வச்சிடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா இன்னொரு வழி இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கும் தண்ணிக்கும் அது நல்லாவே ஒத்து வரும்.

லோ டெக்னா சிலிண்டர் கிடையாது, லைட் மிதமா, அடியில மண்ணு, அதுல மெதுவா வளர்ற செடிங்களும் வேகமா வளர்ற செடிங்களும் கலந்து நிறைய, மீன் கம்மியா. மீனோட கழிவு செடிக்கு உரம், செடி அத உறிஞ்சி தண்ணிய சுத்தமா வச்சுக்குது, பகல்ல ஆக்சிஜனும் விடுது. இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதில்ல. லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல்காரர் 1849ல கண்ணாடித் தொட்டில ரெண்டு சின்ன தங்கமீனும் வாலிஸ்னேரியா செடியும் போட்டுப் பாத்தாரு. கொஞ்ச நாள்ல அழுகின இலையால தண்ணி கெட ஆரம்பிச்சுது, அந்த இலையத் தின்னட்டும்னு நத்தையக் கொண்டு வந்து விட்டாரு, அப்புறம் தொட்டி தெளிஞ்சு நல்லாப் போச்சு, அடுத்த வருஷம் அத எழுதி வெளியிட்டாரு. மீன், செடி, நத்தை, இந்த மூணுதான் இன்னைக்கும் அடிப்படை. பாக்டீரியான்னு நாலாவது ஒண்ணும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது.

நான் இங்க பேசுறது நாலடி தொட்டி பத்தி, 48 இஞ்ச் நீளம், 18 அகலம், 18 உயரம். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 240 லிட்டர் சொச்சம் பிடிக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எதுக்கு இவ்ளோ பெருசுன்னு கேப்பீங்க, பெருசுதான் சுலபம். 20 லிட்டர் தொட்டில ஒரு மீன் செத்து கல்லுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சுன்னா மறுநாளே தண்ணி கெட்டுப் போயிடும், 240 லிட்டர்ல அந்த அழுக்கு நீர்த்துப் போயிடும், உங்களுக்கு கவனிக்க நேரம் கிடைக்கும். சூடும் அப்படித்தான், சின்னத் தொட்டி மே மாசம் மதியானம் சட்டுன்னு ஏறி ராத்திரி சட்டுன்னு இறங்கும், பெருசு மெதுவாத்தான் மாறும்.

ஆனா எடை இருக்கு, அத மறந்துடாதீங்க. தண்ணி, மண்ணு, மணலு, 10 எம்எம் கண்ணாடி எல்லாம் சேத்தா 300 கிலோவுக்கு மேல போயிடும், ஸ்டாண்டும் கல்லும் தனி. நம்ம நாட்டுல வீட்டுத் தளத்துக்கு பொதுவா ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைன்னு கணக்கு வச்சுத்தான் டிசைன் பண்றாங்க, அதனால மாடி வீடுன்னா ஹால் நடுவுல வைக்காம சுவரோரமா, பீம் பக்கமா வைங்க, பழைய கட்டடம்னா ஒரு இஞ்சினியர்கிட்ட கேட்டுடுங்க. ஸ்டாண்ட் லெவலா இருக்கணும், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு தெர்மகோல் ஷீட். ஜன்னல் வெயில் நேரா விழற இடம் வேணாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். செடி வளர மூணு வேணும்: வெளிச்சம், கார்பன், சத்து. இதுல எது ரொம்பக் கம்மியோ அதுதான் செடி எவ்ளோ வேகமா வளரும்னு தீர்மானிக்கும், மத்த ரெண்டையும் எவ்ளோ கொட்டினாலும் பிரயோஜனம் இல்ல. சிலிண்டர் இல்லாத தொட்டில கம்மியா இருக்கிறது கார்பன்தான். காத்துலேர்ந்து தானா தண்ணில கரையுற கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூட வராது, மண்ணுல இருக்கிற இலைதழை மக்குறதுலயும் மீனு மூச்சு விடுறதுலயும் இன்னும் கொஞ்சம் சேரும், அவ்ளோதான். சிலிண்டர் வைக்கிறவங்க அத 30 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துறாங்க. அதுவும் இல்லாம காத்துல பரவுற மாதிரி தண்ணில அந்த வாயு வேகமா பரவாது, பல ஆயிரம் மடங்கு மெதுவா நகரும், செடியோட இலை பக்கத்துல இருக்கிறத இழுத்துடுச்சுன்னா அடுத்தது வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

அப்ப நம்ம கைல இருக்கிற ஒரே கட்டுப்பாடு வெளிச்சம். கார்பன் கம்மியா இருக்கிற தொட்டில லைட்ட ஏத்தறது, குழம்பு சுண்டிப் போயிருக்கும்போது அடுப்பு தீயக் கூட்டுற மாதிரி, அடி பிடிக்கத்தான் செய்யும். செடியால அந்த வெளிச்சத்த பயன்படுத்த முடியாது, இலை பலவீனமாகி சத்து கசிய ஆரம்பிக்கும், பாசிக்கு ரொம்ப கொஞ்சம் சத்து போதும், அது வந்து இலை மேல உக்காந்துக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க செடி வளரலன்னு லைட்ட கூட்டுவாங்க, பாசி வரும், பாசிக்கு மருந்து ஊத்துவாங்க, செடி சாகும், அப்புறம் தொட்டியே ஓரத்துக்குப் போயிடும். வளரலன்னா லைட்ட கம்மி பண்ணி செடிய அதிகம் பண்ணுங்க, அதுதான் சரியான திசை.

எவ்ளோ லைட்? நாலடி தொட்டிக்கு ஒரு வசதி, நம்ம வீட்டு நாலடி எல்இடி டியூப் லைட்டே, அதாவது பேட்டனே, கச்சிதமா பொருந்தும். 20 வாட் பேட்டன் ஒண்ணு சுமாரா 2000 லூமன் (வெளிச்சத்தோட அளவு) தரும், ரெண்டு போட்டா 4000, அத 240ஆல வகுத்தா லிட்டருக்கு 16, 17 லூமன். லோ டெக்குக்கு லிட்டருக்கு 10லேர்ந்து 20 வரைக்கும் போதும்னு ஹாபில ஒரு கணக்கு உண்டு, துல்லியமான அளவு இல்ல, ஆனா ஆரம்பிக்க உதவும். 6500 கெல்வின் வெள்ளை வாங்குங்க, அக்வேரியம் லைட்டுன்னு பேர் போட்டு விக்கிறது கட்டாயம் இல்ல, ஆனா தண்ணிக்கு மேல கண்ணாடி மூடி போட்டு அதுக்கு மேல லைட்ட வைங்க, ஈரம் பட்டா கரண்டு விஷயம். முதல் மாசம் ஒரே ஒரு பேட்டன், ஆறு மணி நேரம், டைமர் போட்டு. செடி வேர் பிடிச்சு புது இலை விட ஆரம்பிச்சதும் ரெண்டாவது. எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம்.

தண்ணி. எந்தச் செடின்னு கேக்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுத் தண்ணி என்னன்னு பாருங்க, இத யாருமே முதல்ல சொல்றதில்ல. சிறுவாணி தண்ணி வர்ற கோயம்புத்தூர் வீட்டுக்கும் போர் தண்ணி மட்டும் வர்ற சென்னை வீட்டுக்கும் ஒரே செடி ஒரே மாதிரி வளராது. சிறுவாணி ரொம்ப மென்மையான தண்ணி, சுண்ணாம்பு கம்மி, சென்னை போர் தண்ணி பல ஏரியால டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட மொத்த அளவு) 1000 தாண்டும், பக்கெட்டுல வெள்ளையா படியும். ஒரு டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாதான், வாங்கி அளந்து பாருங்க. மீஞ்சூர் பக்கம் மாதிரி கடல் தண்ணி உள்ள புகுந்த இடத்துல அந்த நம்பர் சுண்ணாம்பால மட்டும் வர்றதில்ல, உப்பும் சேந்திருக்கும், அது செடிக்கு ஆகாது, அங்க மெட்ரோ தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ கலந்துதான் ஆகணும். அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் போட்டிருந்தாங்கன்னா அதுலயும் கவனம், அது கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விடுற மெஷின், அந்தத் தண்ணி சோப்பு நுரைக்க நல்லா இருக்கும், செடிக்கு நல்லா இருக்காது. சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்கிற குழாய்ல பிடிச்சுக்கோங்க.

கடினத் தண்ணி, அதாவது சுண்ணாம்பு அதிகமா உள்ள தண்ணி, இருக்கிறவங்க மனசு விட வேணாம், இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் இந்த மூணும் கார்பன் டை ஆக்சைடு தீந்து போச்சுன்னா தண்ணில இருக்கிற பைகார்பனேட்ட உடைச்சு அதுலேர்ந்து கார்பன் எடுத்துக்கும். கடினத் தண்ணில பைகார்பனேட் நிறைய இருக்கும். அதாவது நீங்க திட்டுற அதே போர் தண்ணிதான் இந்தச் செடிங்களுக்கு சிலிண்டர். சாயங்காலம் பாத்தா சில நேரம் இலை மேல வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி இருக்கும், அது நோய் இல்ல, பைகார்பனேட் எடுத்ததுல மிச்சமான சுண்ணாம்பு. மாஸ்ங்கிற (moss) மெத்தை மாதிரி படர்ற செடி வகைக்கு இந்த வித்தை தெரியாது, கபோம்பாவும் மென்மையான தண்ணிலதான் சந்தோஷமா இருக்கும், போர் தண்ணில அதுங்க பின்னாடி அலையாதீங்க.

மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கும், ஒரு நாள் வாய் அகலமான டிரம்ல பிடிச்சு வச்சா பறந்துடும், அவசரம்னா கடைல ஆன்டி குளோரின் கிடைக்கும்.

அடுத்தது மண்ணு. கடைல விக்கிற அக்வா சாயில் நல்லதுதான், ஆனா நாலடிக்கு வாங்கினா பட்ஜெட் அதுலயே காலி. தோட்டத்து மண்ணு போதும், பூச்சி மருந்தோ யூரியாவோ போடாத இடத்து மண்ணா இருக்கணும். கொஞ்சம் களிப்பு உள்ளதா பாருங்க, களிமண்ணு சத்த பிடிச்சு வச்சு வேருக்கு மெதுவா கொடுக்கும், செம்மண்ணு கலந்தா இரும்புச் சத்து. மண்புழு உரம், சாணி எருவெல்லாம் அள்ளிப் போட்டுடாதீங்க, அதுல வர்ற அமோனியா தொட்டிய மாசக்கணக்குல விடாது. மண்ண சலிச்சு, தண்ணில ஊற வச்சு, மேல மிதக்குற குப்பையயும் கலங்கலயும் கொட்டிட்டு, வெயில்ல காய வச்சு, மறுபடி ஊற வச்சு, இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணினா சட்டுன்னு கரையுற சத்தெல்லாம் போயிடும், நின்னு கொடுக்கிறது மட்டும் மிஞ்சும். ஒரு இஞ்ச் போதும், ரெண்டு இஞ்ச் போட்டா ரெண்டு மடங்கு நல்லதுன்னு கிடையாது, மண்ணு ஆழமாக ஆக அடியில ஆக்சிஜன் போகாம முட்டை அழுகின நாத்தம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுக்கு மேல ஒண்ணு, ஒண்ணரை இஞ்ச் கழுவின பருமணல். கடற்கரை மணல் வேணவே வேணாம், அதுல கிளிஞ்சல். எந்த மணலா இருந்தாலும் ஒரு கைப்பிடில வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை வந்தா சுண்ணாம்பு இருக்கு.

கொஞ்சம் ஆக்சிஜன் கம்மியா இருக்கிறது கெடுதல் இல்ல, அதனாலதான் மண்ணுல இருக்கிற துரு வடிவ இரும்பு செடி எடுத்துக்கிற வடிவத்துக்கு மாறுது. செடிங்க தன்னோட வேர் வழியா ஆக்சிஜன கீழ அனுப்பி மண்ண ரொம்பக் கெட விடாமயும் பாத்துக்குது, அதனால மண்ணுத் தொட்டில வேர் வச்ச செடி நிறைய இருக்கணும், பாதித் தரை காலியா விடக்கூடாது. மலேசியன் ட்ரம்பட்னு ஒரு கூர் நத்தை வரும், மணலுக்குள்ள புகுந்து கிளறிக்கிட்டே இருக்கும், கடைக்காரர் தொல்லைன்னு சொல்லுவாரு, நான் விரும்பி விடுவேன்.

செடிங்கள மூணு விதமா யோசிங்க. மண்ணுல நடுறது: கிரிப்டோகோரைன் (சுருக்கமா கிரிப்ட்), வாலிஸ்னேரியா, அல்லிக் கிழங்கு. கிரிப்டுல ரொம்பப் பிரபலமான வென்டியும் பெக்கெட்டியும் இலங்கை ஓடைங்கள்ல மட்டும் இயற்கையா வளர்ற செடி, உலகம் முழுக்க லோ டெக் தொட்டிங்கள்ல இருக்கிறது அதோட பிள்ளைங்கதான். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைங்கள்லயே ரெட்ரோஸ்பைராலிஸ்னு ஒரு கிரிப்ட் உண்டு, ஒடுக்கமான நீள இலை, அத ஓடைலேர்ந்து பிடுங்கிட்டு வராதீங்க, வளக்குறவங்ககிட்ட வாங்குங்க. கிரிப்ட நட்டா முதல் ரெண்டு வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு கொழகொழன்னு ஆகிடும், எல்லாரும் செத்துப் போச்சுன்னு பிடுங்கிப் போடுறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, வேர் உயிரோட இருக்கும், புது இலை வரும். ரெண்டாவது கட்டையிலயோ கல்லுலயோ கட்டுறது: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இதுங்க கிழங்கு மாதிரி தண்ட மண்ணுக்குள்ள புதைச்சா அழுகிடும், நூல்ல கட்டி விடுங்க போதும். மூணாவது வேகமா வளர்றது: ஹார்ன்வொர்ட், ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், மேல மிதக்குற சால்வினியா, ஆகாயத்தாமரை. மிதக்குற செடிக்கு இலை காத்துல இருக்கு, கார்பனுக்கு பஞ்சமே இல்ல, அதனால தண்ணில இருக்கிற கழிவ அதுதான் வேகமா காலி பண்ணும், கூடவே நிழலும் தரும். அழகுக்காக இல்லன்னாலும் முதல் மூணு மாசம் அது கட்டாயம் இருக்கட்டும், ஆனா மேற்பரப்புல பாதிக்கு மேல மூட விடாதீங்க.

முதல் நாளே நிறைய நடுங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணினா பாசி அந்த இடத்த எடுத்துக்கும். பணம் கம்மின்னா மலிவான செடியா வாங்கி நிரப்புங்க, சென்னைல இருக்கிறவங்களுக்கு மீன், செடிக் கடைங்க நிறைஞ்ச கொளத்தூர் இருக்கு, அங்க ஒரு கட்டு ஹார்ன்வொர்ட்டுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் பெருசா செலவாகாது. அரிதான செடிய அப்புறம் ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்.

மீன் எப்பன்னா, உடனே இல்ல. மீனோட கழிவும் மிச்ச சாப்பாடும் அமோனியாவா மாறும், ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரைட்டா ஆக்கும், இன்னொரு வகை அத நைட்ரேட்டா ஆக்கும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது செடிக்குச் சாப்பாடு. இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பான்ஜுலயும் மணல்லயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நல்லா செடி இருந்தா அது அமோனியாவ நேரடியாவே உறிஞ்சிக்கும், பெரும்பாலான நீர்ச்செடிக்கு நைட்ரேட்ட விட அதுதான் பிடிக்கும், அதனால செடித் தொட்டி மத்ததவிட பாதுகாப்பு. ஆனா கடினத் தண்ணிக்காரங்க இங்க ஜாக்கிரதையா இருக்கணும்: அமோனியா தண்ணில ரெண்டு வடிவத்துல இருக்கும், ஒண்ணு சாது, ஒண்ணு கொல்லும், பிஹெச் (தண்ணியோட அமில, காரத் தன்மையச் சொல்ற அளவு) 7லேர்ந்து 8க்குப் போனா கொல்லுற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும், சூடும் அத ஏத்தும். நம்ம ஊரு 30 டிகிரி, பிஹெச் 8 போர் தண்ணில அவசரப்பட்டு மீன் விடுறதுதான் ஒரே வாரத்துல மீன் சாகுறதுக்குக் காரணம். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்ல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின அப்புறம் அஞ்சாறு மீன், ரெண்டு வாரம் கழிச்சு இன்னும் கொஞ்சம்.

கடினத் தண்ணின்னா மோலி, பிளாட்டி, கப்பி, குட்டி போட்டு நிறையும் அது தனி கணக்கு. மென்மையான தண்ணின்னா செர்ரி பார்ப், அதுவும் இலங்கை மீன், ஹார்லிகுயின் ரஸ்போரா, ஹனி கோரமி. மொத்தத்துல சின்ன மீனா 25, 30 இந்தத் தொட்டிக்குப் போதும். தங்கமீன் செடியத் தின்னும், சூடும் அதுக்குப் பிடிக்காது. கண்ணாடி சுத்தம் பண்ணும்னு சக்கர் மீன் தள்ளி விடுவாங்க, வாங்காதீங்க, ஒண்ணரை அடி வரைக்கும் வளரும், செடியெல்லாம் பிடுங்கும், வேணாம்னு ஜனங்க ஏரில விட்டு விட்டு தமிழ்நாட்டு நீர்நிலைங்கள்ல அது பெருகிப் போய் மீனவங்க வலையக் கிழிச்சிட்டு இருக்கு.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு சாப்பாடு. அதுலயே செடிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்துடும். பழைய இலைல ஓட்டை ஓட்டையா மஞ்சள் விளிம்போட வந்தா பொட்டாசியம் கம்மி, உரக்கடை பொட்டாசியம் சல்பேட் வாரம் ஒரு சிட்டிகை. புது இலை வெளுத்தா இரும்பு.

தண்ணி மாத்துறது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசி. ஆறு மாசம் மாத்தவே இல்லன்னு பெருமையா சொல்றவங்க உண்டு, மென்மையான தண்ணில அது முடியலாம், நம்ம போர் தண்ணில வேணாம். ஏன்னா ஆவியாப் போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயே தங்கிடும், கொறைஞ்ச அளவுக்கு மறுபடி போர் தண்ணியே ஊத்திட்டே இருந்தா டிடிஎஸ் மாசாமாசம் ஏறிட்டே போகும், ஒரு நாள் புது மீன் விட்டா அது தாங்காது. கொறைஞ்சத நிரப்ப ஆர்ஓ தண்ணி இல்லன்னா மழைத்தண்ணி, முதல் மழைல மாடி கழுவிப் போன அப்புறம் பிடிச்சது.

வெயில் காலத்துல தண்ணி 32 டிகிரி தொடும், சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மியாத்தான் கரையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம்னா 30ல ஏழரை. ராத்திரி செடியும் ஆக்சிஜன எடுத்துக்கும், அதனால விடிகாலைல மீனெல்லாம் மேல வந்து வாய் பிளந்துட்டு நிக்கும். லைட் அணைஞ்சதுலேர்ந்து காலை வரைக்கும் ஒரு ஏர் பம்ப் ஓடட்டும், தண்ணி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும்.

கரண்டு போறதுக்கும் இந்தத் தொட்டி தாங்கும், மீன் கம்மி, செடி அதிகம்ங்கிறதுதான் காரணம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ சென்னைல பல இடத்துல நாள்கணக்குல கரண்டு இல்ல, அந்த மாதிரி நேரத்துல சாப்பாடு போடாதீங்க, பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு கைல இருக்கட்டும், இல்லன்னா அப்பப்ப ஒரு சொம்புல தண்ணிய மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்துங்க. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய நிக்கிற மூடின டப்பா ஃபில்டர்) வச்சிருந்தா கரண்டு வந்ததும் அப்படியே ஆன் பண்ணிடக் கூடாது, மணிக்கணக்கா மூடிக் கிடந்ததுல உள்ள பாக்டீரியா செத்து தண்ணி நாறியிருக்கும், அது மொத்தமும் தொட்டிக்குள்ள வரும். திறந்து, தொட்டித் தண்ணியிலயே ஸ்பான்ஜ அலசிட்டு அப்புறம் ஓட்டுங்க.

மூணு மாசம் தாண்டினா வாராவாரம் கத்தரிக்கோல் எடுக்க வேண்டி வரும். வெட்டினதையும் அள்ளின சால்வினியாவயும் கழிவுநீர்ல, ஏரில, குளத்துல போடாதீங்க, ஒரு துண்டு போதும் அங்க பரவ. வெயில்ல நல்லா காய வச்சு மாடித் தோட்டத்து தொட்டிக்குப் போடுங்க, இல்லன்னா புதுசா ஆரம்பிக்கிற யாருக்காவது ஒரு கவர் நிறையக் கொடுங்க, முதல் நாளே அவங்க நிறைய நடணும் இல்லையா.